லாச்சப்பலில் இருந்து பத்து நிமிடம்: லூக்ஸோரில் படம் பார்ப்பது எப்படி

பாரிசுக்கு யார் வந்தாலும் முதலில் நம் தமிழ்க் கடைத்தெருவான லாச்சப்பலுக்குத்தான் கூட்டிப் போகச் சொல்வார்கள். லண்டனில் இருந்து வரும் மாமி, ஜெர்மனியில் இருந்து காரில் வந்து இறங்கும் சித்தப்பா குடும்பம், சென்னையில் இருந்து படிக்க வந்த பிள்ளைகள், எல்லாருக்கும் அதே சுற்றுதான். கார் து நோர் ரயில் நிலையத்தில் இறங்கி, ஃபோபூர் சேன் தெனி தெருவில் சாமான் வாங்கி, ஒரு றோல்ஸும் தேத்தண்ணியும் முடித்து, மாணிக்கப் பிள்ளையாரை ஒரு எட்டுப் பார்த்துவிட்டு ஈஃபில் கோபுரத்துக்கு ஓடுவது. அங்கிருந்து நடந்து பத்தே நிமிடத்தில், பாரோ மன்னர் காலத்துக் கோயில் ஒன்றைத் தூக்கி வந்து நாற்சந்தியில் வைத்த மாதிரி ஒரு சினிமா தியேட்டர் நிற்கிறது என்று சொன்னால் பாதிப் பேர் நம்ப மாட்டார்கள். வருடக்கணக்காக மேலே ஓடும் இரண்டாம் இலக்க மெட்ரோவில் அதைக் கடந்து வேலைக்குப் போய் வந்த எனக்கே, அது தியேட்டர் என்று தெரிய வெகுகாலம் ஆனது.

அதன் பெயர் லூக்ஸோர். எகிப்தின் லக்சர் நகரத்தை பிரெஞ்சுக்காரர்கள் சொல்லும் விதம் அது. முகவரி 170, புல்வார் மஜெந்தா, பத்தாம் வட்டாரம். இதை அருங்காட்சியகம் மாதிரி வாசலில் நின்று படம் பிடித்துவிட்டுத் திரும்பிவிடாதீர்கள். டிக்கெட் எடுத்து, பெரிய கூடத்தில் உட்கார்ந்து, ஒரு படத்தை முழுசாகப் பார்க்க வேண்டும். அதற்கு என்ன செய்வது என்பதைத்தான் சொல்லப் போகிறேன்.

போகும் வழி

லாச்சப்பலில் இருந்து என்றால் மெட்ரோவே வேண்டாம். மேலே ரயில் பாலம் ஓடுகிற புல்வார் த லா சப்பெலைப் பிடித்து மேற்குப் பக்கமாக நடந்தால் போதும், பாலமே வழிகாட்டி. இடது கையில் லாரிபுவாசியேர் ஆஸ்பத்திரியின் நீண்ட பின்பக்கம் வரும், நம்மவர்களுக்கு அந்த ஆஸ்பத்திரியைத் தெரியாமல் இருக்காது. அதைத் தாண்டியதும் அதே இடது பக்கத்து மூலைதான். மழை என்றால் இரண்டாம் இலக்க மெட்ரோவில் போர்த் தொஃபின் போகும் பக்கம் ஏறி அடுத்த நிறுத்தமான பார்பெஸ் ரொஷ்ஷுவாரில் இறங்குங்கள், ஏறும்போது இடது பக்க ஜன்னலைப் பிடித்துக்கொள்ளுங்கள். நான்காம் இலக்கத்தில் வருபவர்களுக்கும் அதே நிறுத்தம்தான், ஆனால் அது நிலத்தடி, ஒன்றும் தெரியாது.

பார்பெஸ் சந்தி பற்றி ஒரு வார்த்தை. சனம் நெருக்கும். நிலைய வாசலில் சிகரெட் பெட்டியைக் கையில் வைத்துக்கொண்டு காதுக்குள் கூவுவார்கள், பதில் சொல்லாமல் நடந்தால் பிரச்சினை இல்லை. போனை ஜீன்ஸ் பின் பாக்கெட்டில் வைக்காதீர்கள், கழுத்துச் சங்கிலியைச் சட்டைக்குள் போட்டுக்கொள்ளுங்கள். புதனும் சனியும் காலையில் பாலத்துக்குக் கீழே சந்தை கூடும், கொத்தமல்லிக் கட்டும் மாம்பழப் பெட்டியும் மலிவாகக் கிடைக்கும், ஆனால் அந்த நேரத்தில் அவசரமாகத் தியேட்டருக்குப் போக நினைத்தால் நகரவே முடியாது. சந்தைப் பையோடு படத்துக்குப் போன அனுபவமும் எனக்கு உண்டு. வெந்தயக்கீரை வாசம் அடித்துப் பக்கத்து சீட்டுப் பெண் இரண்டு தடவை திரும்பிப் பார்த்தார்.

முதலில் வெளியே நில்லுங்கள்

வாசலுக்குக் கிட்டப் போனால் கட்டிடம் தெரியாது. சந்தியைக் கடந்து எதிர்ப்பக்கம் போய் நின்று நிமிர்ந்து பாருங்கள். வளைந்த மூலை, தாமரையும் பாப்பிரஸ் புல்லும் நினைவுக்கு வரும் தூண்கள், இறகு விரித்த சூரிய வட்டம், நாகம், வண்டு என்று முகப்பு முழுக்க மொசைக். நீலமும் பொன்னும் கறுப்புமாகச் சின்னச் சின்னச் சில்லுகள். வெயில் படும்போது ஒரு நிறம், மாலையில் விளக்குப் போட்டதும் வேறு நிறம். மொசைக்கைச் செய்தவர்கள் ஜாந்தியும் பூர்தேயும், அந்தக் காலத்தில் இந்த வேலைக்குப் பெயர் போன பட்டறை. கட்டிடக் கலைஞர் ஆன்றி சிப்சி.

திறந்த நாள் 1921 அக்டோபர் 6. இந்தத் தேதியை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், ஏனென்றால் எகிப்து பாணித் தியேட்டர் என்றதும் எல்லாரும் எகிப்து மன்னன் துட்டன்காமன் கல்லறையைக் கண்டுபிடித்த பரபரப்பில் கட்டியது என்று அடித்துச் சொல்வார்கள். அந்தக் கல்லறை கிடைத்தது 1922 நவம்பரில். லூக்ஸோர் அதற்கு ஒரு வருடம் மூத்தது. ஹாலிவுட்டில் உள்ள பேர்போன எகிப்தியன் தியேட்டர்கூட 1922 அக்டோபரில் திறந்தது, அதுவும் கல்லறைக்குச் சில வாரம் முந்தியது. அப்படியென்றால் பாரிசுக்கு இந்தப் பைத்தியம் எங்கிருந்து வந்தது? நெப்போலியன் 1798 இல் எகிப்துக்குப் படையெடுத்துப் போனதில் தொடங்கியது. போனவர்கள் படையோடு அறிஞர்களையும் ஓவியர்களையும் கூட்டிப் போனார்கள். பிறகு 1822 இல் பிரெஞ்சு அறிஞர் ஷம்போலியோன் எகிப்தியரின் சித்திர எழுத்தைப் படித்துக் காட்டினார், 1836 இல் லக்சர் கோயில் வாசலில் நின்ற ஒற்றைக்கல் தூணைக் கொண்டு வந்து கொன்கோர்த் சதுக்கத்தில் நட்டார்கள். நூறு வருடத்துக்கு மேல் ஊறிய ஆசை, சினிமா வந்ததும் அதன் முகத்தில் வந்து ஒட்டிக்கொண்டது. படம் பார்க்கப் போவதே வேறு உலகத்துக்குப் போவது மாதிரி இருந்த காலம், வாசலே வேறு உலகமாக இருந்தால் வியாபாரத்துக்கும் நல்லதுதானே.

அப்புறம் நடந்தது எல்லா ஊர் தியேட்டர்களுக்கும் நடந்ததுதான். பேசும் படம் வந்த காலத்தில் பாத்தே சினிமா நிறுவனத்தின் கைக்குப் போனது, பெயரும் லூக்ஸோர் பாத்தே ஆனது. பாஷன் மாற மாற உள்ளே எகிப்தை மூடி மேலே வேறு வேறு அலங்காரம் பூசினார்கள். எழுபதுகளில் சுற்றுவட்டாரத்தில் குடியேறிய மக்களுக்காக அரபுப் படங்களும் ஹிந்திப் படங்களும் ஓடின. இதை நான் படித்தபோது எனக்கு என்னமோ செய்தது. நம்மவர்கள் திரளாக வந்து இறங்குவதற்கு முன்பே நம் பக்கத்துப் பாட்டும் சண்டையும் அந்தத் திரையில் ஓடியிருக்கின்றன.

1981 இல் முகப்பையும் கூரையையும் வரலாற்றுச் சின்னப் பட்டியலில் சேர்த்தார்கள். 1983 கடைசியில் படம் காட்டுவது நின்றது. கட்டிடத்தை வாங்கியவர்கள் எதிரே துணிக்கடை வைத்திருந்த தாத்தி, அந்த ரோஸ் வெள்ளைக் கட்டம் போட்ட பையை வீட்டில் வைத்திராத குடும்பம் நம்மவர்களில் குறைவு. பட்டியலில் இருந்த கட்டிடம் என்பதால் நினைத்தபடி இடித்து மாற்ற முடியாது. இடையில் சில வருடம் இரவு விடுதியாக இருந்தது, பிறகு அதுவும் மூடி, புறா எச்சமும் கிழிந்த போஸ்டருமாகக் கிடந்தது. நான் மெட்ரோவில் இருந்து பார்த்தது அந்தக் கோலத்தைத்தான். பக்கத்துத் தெருச் சனங்கள் சங்கம் அமைத்து, விடாமல் கேட்டுக் கேட்டு, 2003 இல் பாரிஸ் மாநகரசபை அதை வாங்க வைத்தார்கள். கட்டிடக் கலைஞர் ஃபிலிப் புமேனின் கையில் வேலை நடந்து, 2013 ஏப்ரலில் கதவு திறந்தது. முப்பது வருடம்!

டிக்கெட் எடுக்கும் முன்: எந்தக் கூடம் என்று பாருங்கள்

இந்தக் கட்டுரையில் ஒரே ஒரு பத்தியைத்தான் படிப்பீர்கள் என்றால் இதைப் படியுங்கள். லூக்ஸோரில் மூன்று திரைகள். பெரிய கூடம் ஒன்று, அதற்கு எகிப்திய இயக்குநர் யூசுஃப் ஷாஹீனின் பெயர், சுமார் 340 இருக்கைகள். மற்ற இரண்டும் புதுப்பித்தபோது நிலத்துக்குக் கீழே தோண்டிக் கட்டிய சின்னக் கூடங்கள், ஒன்றில் 140 பேர், மற்றதில் எழுபது சொச்சம் பேர் உட்காரலாம். அவை சுத்தமான, வசதியான, சாதாரணத் தியேட்டர் அறைகள். பாரோவும் இல்லை, பாப்பிரஸும் இல்லை.

2013 இல் திறந்த புதுசில் நான் வீட்டுக்காரியையும் பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு, எகிப்துக் கோயிலைக் காட்டுகிறேன் பாருங்கள் என்று வழியெல்லாம் பெருமை பேசிக்கொண்டு போய், நேரம் மட்டும் பார்த்து டிக்கெட் எடுத்து, படியிறங்கிக் கீழே போய் உட்கார்ந்தோம். சாம்பல் சுவர். சின்னவள் மெதுவாகக் கேட்டாள், "அப்பா, கோயில் எங்கே?" இன்றைக்கும் வீட்டில் நான் ஏதாவது பீற்றிக்கொண்டால் இந்தக் கேள்விதான் வரும்.

ஆகவே, காட்சி அட்டவணையில் படத்துக்குப் பக்கத்தில் எந்தக் கூடம் என்று பாருங்கள். தெரியவில்லை என்றால் கவுண்டரில் "லா கிராந்த் சால்?" என்று மூன்று சொல் கேட்டால் போதும், பெரிய கூடமா என்று அர்த்தம். படம் இரண்டாம் பட்சம் என்று சொன்னால் சினிமா பைத்தியங்கள் கோபிப்பார்கள், ஆனால் முதல் தடவைக்கு நான் அப்படித்தான் சொல்வேன். பெரிய கூடத்தில் என்ன ஓடுகிறதோ அதற்குப் போங்கள்.

பிரான்சில் புதுப் படம் வெளியாவது புதன்கிழமை, நம் ஊர் மாதிரி வெள்ளி அல்ல. எனவே வார அட்டவணையும் புதனில் இருந்து அடுத்த செவ்வாய் வரை. வெள்ளிக்கிழமை போகலாம் என்று திங்களே பார்த்து வைத்துக்கொண்டால் ஏமாறுவீர்கள், புதனோடு படமும் மாறும், கூடமும் மாறும். புதுப் படம் முதல் வாரம் பெரிய கூடத்தில் ஓடும், பிறகு கூட்டம் குறையக் குறையக் கீழே இறங்கும். அதனால் ஒரு படம் வந்த முதல் வாரத்திலேயே போவது நல்லது.

அடுத்தது மொழி. அட்டவணையில் வே.ஓ. என்று இரண்டு எழுத்து இருந்தால் படம் அதன் சொந்த மொழியில், கீழே பிரெஞ்சு வரி. வே.எஃப். என்றால் பிரெஞ்சில் டப்பிங். இங்கே ஓடுவது பெரும்பாலும் கலைப்படங்களும் உலகப் படங்களும், அவை வே.ஓ. தான். ஆங்கிலப் படம் என்றால் லண்டன் மாமிக்குப் பிரச்சினை இல்லை. பிரெஞ்சுப் படத்துக்குக் கீழே ஆங்கில வரி வரும் என்று எதிர்பார்த்துப் போகாதீர்கள். பிரெஞ்சு படிக்கிற புதுசா வந்த பிள்ளைகளுக்கு நான் சொல்வது: ஆங்கிலப் படத்தைப் பிரெஞ்சு வரியோடு பாருங்கள், வகுப்பில் ஒரு மாதம் படிப்பதை இரண்டு மணி நேரத்தில் காது பிடிக்கும். கொஞ்சம் மிகைப்படுத்துகிறேன், சரி, ஆனால் உதவும்.

தமிழ்ப் படம் பார்க்க வேண்டும் என்றால் இது இடம் அல்ல. ரஜினி, விஜய் படங்களுக்கு விசிலடிக்க கிராண்ட் ரெக்ஸ் தியேட்டர் இருக்கிறது. லூக்ஸோரில் விசிலடித்தால் வெளியே அனுப்புவார்கள் என்று நினைக்கிறேன், முயன்று பார்க்கவில்லை. மாணவர், வேலை தேடுபவர், வயதானவர் என்றால் அட்டையைக் கையில் வைத்திருங்கள், கட்டணம் குறையும்.

உள்ளே

காட்சி நேரத்துக்கு இருபது நிமிடம் முன்பே கூடத்தின் கதவருகில் நில்லுங்கள். பார்க்க வந்தது விளக்கு எரியும்போதுதான் தெரியும், இருட்டிவிட்டால் போயிற்று. கவுண்டரிலேயே "லெ பால்கோன் ஏ தூவேர்?" என்று கேளுங்கள், பல்கனி திறந்திருக்கிறதா என்று. கூட்டம் குறைந்த காட்சிகளுக்கு எல்லா நேரமும் மேலே விட மாட்டார்கள். திறந்திருந்தால் யோசிக்காமல் ஏறுங்கள். யாழ்ப்பாணத்தில் ராஜாவிலோ மனோகராவிலோ படம் பார்த்து வளர்ந்த ஆளுக்குப் பல்கனியின் மதிப்பைச் சொல்லித் தர வேண்டியதில்லை, இங்கே கௌரவத்துக்காக அல்ல, மேலே இருந்தால்தான் தூண்களின் தலைப்பகுதியும், வண்ணப் பட்டை போட்ட உத்தரங்களும், சுவரோரமாக வரிசையாகப் போகும் எகிப்திய உருவங்களும் கண்ணுக்கு நேராக வரும். முதலில் சிவப்பும் காவியும் பொன்னும் கொஞ்சம் அதிகப்படியாகத் தெரியும். ஐந்து நிமிடம் உட்காருங்கள், கண் பழகிவிடும். நம் கோபுரங்களைப் பார்த்த கண்ணுக்கு அதைவிட வேகமாகப் பழகும்.

இதில் எது பழசு, எது புதுசு? இது தெரியாமல் பார்த்தால் பாதி சுவாரசியம் போய்விடும். வெளியே நீங்கள் பார்த்த மொசைக் 1921 இல் பதித்தது, கழுவி, உடைந்ததைச் சரி செய்து நிறுத்தியிருக்கிறார்கள். உள்ளே கதை வேறு. மேல்பூச்சுகளுக்கு அடியில் கிடைத்த மிச்சங்களையும் பழைய புகைப்படங்களையும் வைத்து, 1921 இல் எப்படி இருந்திருக்குமோ அப்படித் திரும்பச் செய்தது. வெளியே தலைக்கு மேல் ஒரு மெட்ரோ, காலுக்குக் கீழே இன்னொன்று, அந்த அதிர்வும் சத்தமும் இன்றைய ஒலிபெருக்கிகளோடு சேர்ந்தால் படம் பார்க்க முடியாது. அதனால் பழைய சுவரைத் தொடாமல் அதற்கு முன்னால் ஒலி தடுக்கிற புதுச் சுவர் ஒன்றை எழுப்பி, அதன்மேல்தான் ஓவியத்தைத் தீட்டினார்கள். பழசு அதற்குப் பின்னால் பத்திரமாக இருக்கிறது. ஆரம்பத்தில் சுமார் 1200 பேர் உட்கார்ந்த கட்டிடம், இன்றைக்கு மூன்று கூடத்தையும் கூட்டினாலும் அதில் பாதிகூட வராது, இன்றைய ஆட்களுக்கு முழங்காலை நீட்ட இடம் வேண்டுமே.

சிலர் இதை நகல் என்று இளக்காரமாகச் சொல்கிறார்கள். 1921 இல் இருந்ததே எகிப்தின் நகல்தான் என்பதை மறந்துவிடுகிறார்கள். எனக்கு அந்தக் குறை இல்லை. ஆனால் ஓவியம் இன்னும் புதுசாக மினுங்குகிறது, கொஞ்சம் அழுக்கும் கீறலும் ஏறினால் இன்னும் நன்றாக இருக்கும் என்று தோன்றுவதையும் மறைக்க மாட்டேன்.

படமெடுக்க ஆசைப்பட்டால் விளம்பரம் தொடங்குவதற்கு முன், ஃபிளாஷ் இல்லாமல். மணி அடித்து விளக்கு மங்கும் அந்த அரை நிமிடம் போனைக் கீழே வைத்துவிட்டு வெறும் கண்ணால் பாருங்கள். பொன் நிறம் கடைசியாக அணையும்.

படம் முடிந்ததும்

ஓடிவிடாதீர்கள். மேல்மாடியில் சின்ன பார் ஒன்று இருக்கிறது, அதற்கு வெளியே பார்க்க ஒரு மாடமும் உண்டு. கோப்பியோ பழச்சாறோ வாங்கிக்கொண்டு அங்கே போய் நின்றால் ஒரு பக்கம் குன்றின் மேல் வெள்ளையாக சாக்ரே கேர் தேவாலயம், கண்ணுக்கு நேரே பாலத்தில் மெட்ரோ, கீழே சந்தியின் இரைச்சல். பார் திறந்திருக்கும் நேரம் காட்சி நேரத்தோடு எப்போதும் ஒத்துவராது, மாலைக் காட்சிக்குப் போவது பாதுகாப்பு.

கட்டிடத்தைப் பற்றி இன்னும் தெரிய ஆசை என்றால் செப்டம்பர் மூன்றாவது வார இறுதியைக் குறித்துக்கொள்ளுங்கள். அது ஐரோப்பா முழுக்கப் பாரம்பரிய நாட்கள், சாதாரண நாளில் பார்க்க முடியாத இடங்களைப் பல கட்டிடங்கள் திறந்து காட்டும். மாணிக்கப் பிள்ளையார் தேர்த்திருவிழாவுக்கு என்று ஆகஸ்ட் கடைசியில் வருபவர்கள் இரண்டு மூன்று வாரம் தள்ளி வந்தால் தேர் தவறிவிடும், ஆகையால் இரண்டில் ஒன்றைத்தான் தேர்ந்தெடுக்க வேண்டும். வீட்டுப் பெரியவர்கள் எதைத் தேர்ந்தெடுப்பார்கள் என்று சொல்லத் தேவையில்லை.

நேரம் மிச்சம் இருந்தால் எகிப்தைத் தொடரலாம். பார்பெஸில் நான்காம் இலக்கம் பிடித்து ரேயோமூர் செபாஸ்தொபோலில் இறங்கிக் கொஞ்சம் நடந்தால் கெய்ரோ சதுக்கம், பிளாஸ் து கேர். அங்கே ஒரு கட்டிட முகப்பில் பசுக்காது வைத்த ஹாத்தோர் தேவியின் மூன்று பெரிய தலைகள் 1828 இல் இருந்து தெருவைப் பார்த்துக்கொண்டிருக்கின்றன, கீழே துணி மூட்டை இறக்குகிற ஆட்கள் அண்ணாந்தும் பார்ப்பதில்லை. கொன்கோர்த் தூண் எல்லாரும் பார்ப்பதுதான், விடுங்கள்.

அதைவிட, திரும்பி லாச்சப்பலுக்கு நடக்கிற வழியில் மெட்ரோ நிலையத்துப் பக்கத்திலேயே இருக்கும் பூஃப் து நோர் நாடக அரங்கைப் பார்ப்பதைத்தான் சொல்வேன். 1876 இல் கட்டியது, 1952 இல் மூடியது, 1974 இல் நாடக இயக்குநர் பீட்டர் புரூக் திறந்தபோது சுவரைப் பூசவே இல்லை. உரிந்த சாயமும் தீய்ந்த கறையும் வெடிப்பும் அப்படியே. அந்தச் சுவருக்கு முன்னால்தான் அவர் மகாபாரதத்தை ஒன்பது மணி நேரம் நடத்தினார். ஒரே வீதி, ஒரே பாலம், இரண்டு பழைய கொட்டகைகள். ஒன்றைப் பிறந்த நாளில் இருந்த மாதிரி அலங்கரித்தார்கள், மற்றதைக் காயத்தோடு விட்டார்கள். ஒரே நாளில் இரண்டையும் பார்த்துவிட்டு, கொத்து ரொட்டிக் கடையில் உட்கார்ந்து எது சரி என்று சித்தப்பாவோடு சண்டை பிடிக்கலாம். எங்கள் வீட்டில் அந்தச் சண்டை இன்னும் முடியவில்லை. சித்தப்பா பூஃப் கட்சி. ஞாயிறு மாலை போவதென்றால் லாச்சப்பல் கடைகளில் இடம் கிடைக்காது, படத்துக்கு முன்பே சாப்பிட்டுவிடுங்கள்.